கையும் உறவும் ஒரே கோடா? சுயாதீன கத்தோலிக்க சபைகளின் வழிமரபுச் சுவர்ப்படம்: ஒரு மதிப்புரை

சேலத்தில் ஜெபமாலை, சுரூபம், திருப்பலிப் புத்தகம் விற்கும் கடைகளில் இப்போது ஒரு சுவர்ப்படத் தொகுப்பு கிடைக்கிறது. ரோமுடன் ஒன்றிப்பில் (திருச்சபை உறவில்) இல்லாமல் தனித்து இயங்கும் கத்தோலிக்க சபைகள் எப்படித் தோன்றின, எப்படி வளர்ந்தன என்பதை இரண்டு பெரிய தாள்களில் கொடி போலப் படர்த்திக் காட்டியிருக்கிறார்கள். ஓர் ஆயர் இன்னொருவர் தலையில் கை வைத்து ஆயர் பட்டம் கொடுக்க, அது கைமாறிக்கொண்டே வரும் தொடர்ச்சிதான் வழிமரபு. கூடவே 40 பக்கத்தில் ஒரு கையேடு. தமிழில் இந்தப் பொருளைப் படமாக்கிப் போட்டதற்காகவே வெளியிட்டவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் கடையில் கொடுத்தபடியே சுவரில் மாட்டிவிடக் கூடாது. எங்கெங்கே திருத்த வேண்டும், ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த மதிப்புரை.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் இளையோர் குழு நடத்துபவர்களுக்கும் இது நேரடியாகப் பயன்படும். சேலத்தில் ஒரே குடும்பத்தில் பெரியப்பா வீடு ஆர்.சி., சித்தி வீடு சி.எஸ்.ஐ. என்று இருப்பது சாதாரணம். ஏற்காடு ஏறினால் காபித் தோட்டங்களில் கோட்டயம் பக்கத்து ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களும் உண்டு. 'நாங்களும் கத்தோலிக்கர்தான், ஆனால் போப்பாண்டவருக்குக் கீழ் இல்லை' என்று யாராவது சொன்னால் பிள்ளைகள் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள்? அந்த இடத்தில்தான் இந்தப் படம் தேவைப்படுகிறது.

முதலில் பொருளைப் பற்றி. ஒவ்வொரு தாளும் 3 அடிக்கு 2 அடி. லேமினேஷன் இல்லாமல் தொகுப்பு ரூ. 480, செய்தது ரூ. 650. தாள் கனமானது, அச்சு தெளிவு. பெட்டிக்குள் இருக்கும் பெயர்கள் பொடி எழுத்தில் உள்ளன. நான்கடிக்கு அப்பால் நின்றால் ஆண்டுகள் மட்டும்தான் தெரியும், பெயர் தெரியாது. 40 பேர் உட்காரும் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு இது எட்டாது. அன்றைக்கு எடுக்கப்போகும் கிளையை மட்டும் ஏ3 அளவில் ஜெராக்ஸ் போட்டு, நான்கு பேருக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டு, படத்தை முழுத் தொடர்ச்சியைக் காட்டுவதற்கு வைத்துக்கொள்வதுதான் சரிப்படும்.

இரண்டாம் தாளை முதலில் எடுங்கள். காசு கொடுப்பது அதற்காகத்தான். பொதுவாக இந்த வரலாற்றை நெதர்லாந்தில் தொடங்கி ஜெர்மனி, அமெரிக்கா என்று சொல்லிக்கொண்டு போவார்கள். கோட்டயம், கோவா, கொழும்பு வழியாக ஒரு கிளை ஓடுவதைத் தமிழில் இவ்வளவு விரிவாகப் படமாக்கியிருப்பது பெரிய காரியம்.

அந்தக் கிளையின் வேர் பதுரவாதோ தகராறு. கீழைநாடுகளில் ஆயர்களை முன்மொழியும் உரிமை போர்த்துகல் அரசருக்கு இருந்தது. அதற்குப் பெயர் பதுரவாதோ. ரோமில் இருந்த விசுவாசப் பரப்புதல் பேராயம் தன் பங்குக்கு நேரடியாக மறைபரப்பாளர்களை அனுப்பியது. ஒரே ஊரில் இரண்டு ஆளுகை, இரண்டு கோவில், இரண்டு சாமியார். 1838-இல் திருத்தந்தை 16-ஆம் கிரகோரியார் கொச்சி, கொடுங்கல்லூர், மயிலாப்பூர் ஆகியவற்றின் மீது போர்த்துகீசிய ஆயர்களுக்கு இருந்த அதிகாரத்தை நீக்கினார். கோவா குருக்கள் பலர் அதை ஏற்கவில்லை. பிறகு உடன்படிக்கைகள் வந்தன. 1886-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் போர்த்துகலோடு செய்த உடன்படிக்கையை ஒட்டி இந்தியாவுக்கு முறையான ஆயர் ஆட்சி அமைந்தது. அதில் இலங்கையின் பதுரவாதோ கோவில்கள் எதிர்த்தரப்பின் கைக்குப் போயின. காலங்காலமாகக் கோவா சாமியார்களிடம் பூசை கண்ட மக்களுக்கு, கேட்காமலேயே ஆளை மாற்றியது போலாயிற்று. எதிர்ப்பு வெடித்தது அங்கேதான்.

நம் பக்கத்து வாசகருக்கு இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. சேலம் வட்டாரம் பாரிஸ் அந்நிய மறைபரப்பு சபைக் குருக்களின் கையில், அதாவது ரோம் நேரடியாக அனுப்பியவர்களின் பக்கத்தில் இருந்தது. 1930-இல் சேலம் மறைமாவட்டம் தனியாக ஏற்பட்டபோது முதல் ஆயரும் அந்தச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரரே. தஞ்சாவூர்ப் பக்கமோ 1952 வரை மயிலாப்பூருக்குக் கீழ், போர்த்துகீசிய மரபில் இருந்தது. தமிழ்நாட்டுக்குள்ளேயே இரண்டு தரப்பும் இருந்திருக்கின்றன. கையேடு இதைத் தொடவே இல்லை. ஆசிரியர் இரண்டு வரியில் சொல்லிவிட்டால் வகுப்பு சட்டென்று நிமிர்ந்து உட்காரும்.

இந்தக் கொதிப்பில்தான் கோவா குரு அந்தோனியோ பிரான்சிஸ்கோ சேவியர் அல்வாரிஸ் வருகிறார். 1889 ஜூலையில் கோட்டயத்தில், கேரளத்து ஆர்த்தடாக்ஸ் மரபைச் சேர்ந்த மலங்கரை ஆயர்கள் அவருக்கு ஆயர் பட்டம் கொடுத்தார்கள். மார் யூலியுஸ் என்று பெயர் சூட்டிக்கொண்டார். கை வைத்தவர்களில் ஒருவர் பருமலை மார் கிரிகோரியோஸ். தோட்டத்து மலையாளிக் குடும்பங்களின் பூசையறையில் படமாக இருக்கும் அதே பருமலைத் திருமேனி. கொழும்பில் இந்த இயக்கத்தைத் தாங்கி நின்ற பொதுநிலையினர் (குருவல்லாத மக்கள்) தலைவர் டாக்டர் லிஸ்போவா பிண்டோ. 1893-இல் இலங்கையின் முதல் தொழிற்சங்கமான அச்சுத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்தியவரும் அவர்தான்.

1892 மே 29 அன்று கொழும்பில் அல்வாரிஸ் தலைமையில், அமெரிக்காவிலிருந்து வந்த ஜோசப் ரெனே விலாத் ஆயரானார். சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைவரான அந்தியோக்கியா பிதாப்பிதா இதற்கு அனுமதி ஆவணம் கொடுத்திருந்தார். கொழும்பில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி சான்றிதழில் சாட்சிக் கையெழுத்திட்டார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்றிருக்கும் எண்ணற்ற சிறு சபைகள் தங்கள் வழிமரபை எண்ணிக்கொண்டு போய் நிற்கும் இடம் கொழும்பின் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. படம் இதைத் தடித்த கோட்டில், தாளின் நடுவில் வைத்திருக்கிறது. சரியான தேர்வு.

இந்தத் தாளில் நான்கு பிழைகள். அல்வாரிசின் பெட்டிக்கு மேலிருந்து ஒரே ஒரு கோடுதான் இறங்குகிறது. பட்டம் கொடுத்த ஆயர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள், ஆகவே கோடும் அப்படியே இருக்க வேண்டும். அவர் பெட்டிக்குள் 'சிரியன் வழிபாடு' என்று போட்டிருப்பதும் தவறு. ஆர்த்தடாக்ஸ் தலைமையை ஏற்றபோதும் லத்தீன் வழிபாட்டு முறையை அவர் விடவில்லை. அதுதான் இந்தக் கிளையின் தனித்தன்மையே. கர்நாடகத்தின் பிரம்மாவரில் அவர் வழி வந்த சமூகம் இன்றும் இருக்கிறது, மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையில் 2010-இல் பிரம்மாவர் தனி மறைமாவட்டமும் ஆயிற்று. படத்தில் அந்தக் கிளை 1923-இல், அல்வாரிஸ் இறந்த ஆண்டோடு, வெட்டிவிட்டது போல முடிகிறது. அதை நீட்டி விடுங்கள். நான்காவது, கோவா என்று வர வேண்டிய ஓரிடத்தில் 'கோவை' என்று அச்சாகியிருக்கிறது. சேலத்துப் பிள்ளைகள் அதைப் படித்தால் கோயம்புத்தூருக்குத்தான் பஸ் ஏறுவார்கள்.

கையேட்டில் அல்வாரிசுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். காலரா மருத்துவம் பற்றி அவர் எழுதிய சிறு நூலும், ஏழைகளின் பசிக்கு மரவள்ளி பயிரிடச் சொல்லி எழுதிய நூலும் அதில் குறிப்பிடப்படுகின்றன. ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த சேலத்தில் அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டலாம். கையேட்டின் மிகச் சிறந்த பகுதி இதுதான்.

இனி முதல் தாள். நெதர்லாந்து நகரான உத்ரெக்தில் தொடங்கும் கிளை. பெயரிலேயே ஒரு சிக்கல்: படத்தில் 'உட்ரெக்ட்', கையேட்டில் 'யூட்ரெக்ட்'. இரண்டும் வேறு ஊர் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கிளையின் விதை 1702-இல் விழுந்தது. நெதர்லாந்தில் ரோமின் பிரதிநிதியாக இருந்த பேராயர் பீத்ரஸ் கோத் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 1710-இல் அவர் இறந்தபின் உத்ரெக்த் குருக்களுக்கு ஆயர் இல்லை. அந்த வழியாகப் பாரசீகம் போய்க்கொண்டிருந்த பாபிலோன் ஆயர் தொமினிக் வார்லே 1719-இல் ஆம்ஸ்டர்டாமில் தங்கி 604 பேருக்கு உறுதிபூசுதல் என்ற அருட்சாதனத்தைக் கொடுத்தார். அதற்காக அவரையும் ரோம் பணியிடை நீக்கியது. திரும்பி வந்தவர், உத்ரெக்த் குருக்கள் 1723-இல் தேர்ந்தெடுத்திருந்த கொர்னேலியஸ் ஸ்தேனோவனுக்கு 1724 அக்டோபர் 15 அன்று ஆயர் பட்டம் கொடுத்தார். படம் தேர்தலையும் பட்டத்தையும் ஒன்றாக்கி '1723' என்று மட்டும் போட்டிருக்கிறது. பேனாவால் 1724 சேருங்கள்.

இங்கே ஆசிரியர்கள் கட்டாயம் நிற்க வேண்டும். 325-ஆம் ஆண்டு நிசேயா சங்கத்தின் நான்காம் விதி, ஆயர் பட்டத்துக்கு குறைந்தது மூன்று ஆயர்கள் வேண்டும் என்கிறது. ஸ்தேனோவனுக்குக் கை வைத்தவர் வார்லே ஒருவர் மட்டுமே. அப்படியானால் பட்டம் செல்லாதா? செல்லும். ஒரே ஆயர் கை வைத்தாலும் பட்டம் உண்டு. மூவர் என்பது ஒழுங்குக்கும் சாட்சிக்கும். ரோம் ஸ்தேனோவனைத் திருச்சபையிலிருந்து விலக்கியது, ஆனால் உத்ரெக்த் வழிப் பட்டங்கள் வெறும் சடங்கு என்று சொல்லவில்லை. வார்லே அடுத்தடுத்து நால்வருக்குப் பட்டம் கொடுக்க வேண்டி வந்தது, ஏனெனில் ஒவ்வொரு பேராயரும் இறந்தபோது நாட்டில் வேறு ஆயரே இல்லை. நான்காமவர் மெயின்தார்த்ஸ் அந்த ஆபத்தைப் புரிந்துகொண்டு 1742-இல் ஹார்லெமுக்கும் ஓர் ஆயரை ஏற்படுத்தினார். வார்லே இறந்ததும் அதே ஆண்டுதான். ஹார்லெமுக்கு ஆயர் வராதிருந்தால் கயிறு ஒற்றை இழையில் தொங்கியிருக்கும். படத்தில் ஹார்லெம் பெட்டி பொடியாக மூலையில் கிடக்கிறது. அதைச் சுற்றி வட்டம் போடுங்கள்.

1870 பகுதியில் குறை சொல்ல அதிகமில்லை. ஜூலை 18 அன்று முதல் வத்திக்கான் சங்கம் திருத்தந்தையின் தவறா வரத்தை (விசுவாசம், ஒழுக்கம் பற்றி அதிகாரபூர்வமாக அறுதியிட்டுப் போதிக்கும்போது அவர் தவறமாட்டார் என்பதை) அறிவித்தது, அதை ஏற்க மறுத்த மியூனிக் வரலாற்றுப் பேராசிரியர் டோலிங்கர் 1871 ஏப்ரலில் விலக்கப்பட்டார், அப்படி மறுத்த ஜெர்மானியரின் முதல் ஆயர் ரைன்கென்ஸ் 1873-இல் ரோட்டர்டாமில் உத்ரெக்த் வழியில் பட்டம் பெற்றார், 1889 செப்டம்பரில் இந்தச் சபைகளின் கூட்டமைப்பான உத்ரெக்த் ஒன்றியம் அமைந்தது. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஒரே குறை, 'பழைய கத்தோலிக்கர்' என்ற பெயரை 1724 பெட்டிக்கு மேலேயே ஒட்டிவிட்டார்கள். அந்தப் பெயர் பரவியது 1870-க்குப் பிறகு.

படத்தின் பெரிய கோளாறு இனிமேல்தான் வருகிறது. பட்டம் யாரிடமிருந்து வந்தது என்பதற்கும், யாரோடு ஒன்றிப்பில் இருக்கிறார்கள் என்பதற்கும் ஒரே கோட்டையே பயன்படுத்தியிருக்கிறார்கள். இரண்டும் வேறு. கை வைத்தது வைத்ததுதான், அதை அழிக்க முடியாது. உறவு மட்டும் நாளைக்கே முறியலாம், மறுபடி ஒட்டலாம். இரண்டையும் ஒரே கோடாகப் போட்டால், கோடு தொடர்கிற இடமெல்லாம் உறவு தொடர்வதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

உதாரணம் போலந்து தேசிய கத்தோலிக்க சபை. 1897-இல் அமெரிக்காவின் ஸ்க்ராண்டனில், போலந்துத் தொழிலாளர்கள் தங்கள் காசில் கட்டிய கோவில் யார் பெயரில் இருப்பது என்ற கேள்வியில் தொடங்கியது. அவர்களின் குரு பிரான்சிஸ் ஹோதூர் 1907 செப்டம்பர் 29 அன்று உத்ரெக்தில் ஆயரானார். அந்தக் கோடு சரி. ஆனால் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதில் கருத்து வேறுபட்டு 2003-இல் அவர்கள் உத்ரெக்த் ஒன்றியத்திலிருந்து பிரிந்தார்கள். படத்தில் கோடு இன்றுவரை ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆர்னால்ட் ஹாரிஸ் மேத்யூ கிளை இன்னும் மோசம். 1908-இல் உத்ரெக்த் அவருக்கு இங்கிலாந்துக்கென்று பட்டம் கொடுத்தது. 1910 முடிவதற்குள் அவரே உறவை முறித்தார். 1920-இல் உத்ரெக்த், தவறான தகவல் தந்து பெறப்பட்ட பட்டம் அது, செல்லாது என்று அறிவித்தது. இவ்வளவும் படத்தில் ஒரு நேர்கோடு. அதிலிருந்து லிபரல் கத்தோலிக்க சபையின் வெட்ஜ்வுட்டுக்கு நேரே கோடு இழுத்திருக்கிறார்கள். நடுவில் ஓர் ஆள் விடுபட்டுவிட்டார். மேத்யூ 1914-இல் பட்டம் கொடுத்தது வில்லோபிக்கு, வில்லோபிதான் 1916 பிப்ரவரியில் வெட்ஜ்வுட்டுக்குக் கை வைத்தார். அதே ஆண்டு ஜூலையில் வெட்ஜ்வுட் லெட்பீட்டருக்குப் பட்டம் கொடுத்தார். அடையாறு பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் என்று சொன்னால் நம்மூர்ப் பெரியவர்களுக்கும் தெரியும். வழிமரபுப் படத்தில் ஓர் ஆள் விடுபடுவது சங்கிலியில் ஒரு கண்ணி விடுபடுவது போல. அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் ஆட்டங்காணும்.

பிலிப்பைன்ஸ் கிளையிலும் இதே குழப்பம். 1902-இல் அறிவிக்கப்பட்ட பிலிப்பைன்ஸ் சுயாதீன சபையின் முதல் தலைவர் அக்லிபாய்க்கு வழிமரபு கொண்ட ஆயர் எவரும் கை வைக்கவில்லை. ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த அமெரிக்க எபிஸ்கோப்பல் சபை ஆயர்கள் மூலம் அந்த வழிமரபு வந்தது 1948-இல். ஆங்கிலிக்கன் பட்டங்கள் செல்லா என்று ரோம் 1896-இல் சொன்னதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். படமோ ரோமிலிருந்து 1902-க்கு நேர்கோடு போட்டிருக்கிறது.

திருத்துவது எப்படி? மேட் லேமினேஷன் செய்த படத்தில் பெர்மனன்ட் மார்க்கர் நன்றாகப் பிடிக்கும், தவறினால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம். பளபளப்பான லேமினேஷனில் டியூப்லைட் கண்ணடிக்கும். கருப்புக் கோட்டைப் பட்டத்துக்கு விட்டுவிடுங்கள். ஒன்றிப்புக்குப் பச்சைப் புள்ளிக்கோடு பக்கத்திலேயே இழுங்கள். உறவு முறிந்த ஆண்டில் பச்சையை நிறுத்திச் சிவப்பில் குறுக்கே இரண்டு கீறல், பக்கத்தில் ஆண்டு. 1910, 2003 ஆகிய இரண்டு இடங்களிலும் கட்டாயம் கீறல் வேண்டும். 1920-க்குக் கீறல் போடாதீர்கள். அது உறவு முறிவு அல்ல, பட்டத்தைப் பற்றிய தீர்ப்பு, ஆகவே கருப்புக் கோட்டின் மீதே ஒரு கேள்விக்குறி. விலாத் கோட்டுக்கும் அப்படியே, ஏனென்றால் அவர் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் சபைகளை அங்கீகரிக்க முடியாது என்று அந்தியோக்கியா சிரியன் தலைமை 1938-இல் அறிவித்தது. விலாத் தாமே 1925-இல் ரோமுடன் ஒப்புரவானார். இரண்டு தாளுக்கும் சேர்த்து ஒரு மணி நேர வேலை.

கையேட்டில் ஒரு பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், ஆனால் அடித்துவிடுங்கள். செல்லும், ஆனால் முறைப்படி அல்ல என்ற கருத்தை விளக்க, பதிவு செய்யாத கிரையப் பத்திரத்தை உவமை காட்டுகிறார்கள். உவமை தலைகீழ். பதிவு இல்லாத கிரையத்தால் நிலம் கைமாறாது, அதாவது செல்லாது. ரோமின் அனுமதியின்றி ஆயர் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் பட்டமோ கைமாறிவிடுகிறது. கொடுத்தவரும் பெற்றவரும் தண்டனைக்கு ஆளாகிறார்கள், பட்டம் மட்டும் நிற்கிறது. உவமையே இல்லாமல் நேராகச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும்.

ஏற்காட்டில் மாட்டப்போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. மலையில் மழைக்காலப் பனிமூட்டம் லேமினேஷன் விளிம்பு வழியாகத் தாளுக்குள் இறங்கும். கடையில் தருவதில் தாளின் ஓரத்தோடு ஒட்ட வெட்டிவிடுகிறார்கள், அதனால் ஓரம் உப்பி, வெள்ளை பூத்து, உறை பிரிகிறது. லேமினேஷன் இல்லாததை ரூ. 480-க்கு வாங்கி, சேலத்திலேயே உங்கள் கண்ணெதிரில் சுற்றிலும் அரை அங்குலம் பிளாஸ்டிக் விளிம்பு விட்டுச் செய்துகொள்ளுங்கள். ஓட்டை போட்டு மாட்டாமல், மேலும் கீழும் பட்டி அடித்துத் தொங்கவிடுங்கள், தாளில் விழும் ஓட்டை வழியாகவும் ஈரம் நுழையும். தாள்கள் குழலுக்குள் சுருட்டி வருவதால் சுருண்டே நிற்கும். எதிர்ப்பக்கமாகச் சுருட்டி ஒரு நாள் வைத்துவிட்டுப் பிறகு லேமினேஷனுக்குக் கொடுங்கள். ரோம் பெட்டிகளுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறார்கள், ஜன்னலுக்கு நேரே மாட்டினால் முதலில் வெளுப்பது அதுதான்.

பணம் பற்றாக்குறை என்றால் இரண்டாம் தாளை மட்டும் தனியாகக் கேளுங்கள், சில கடைகளில் பிரித்துத் தருகிறார்கள். கையேடு வாங்கும்போது 17-ஆம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சில பிரதிகளில் அந்த ஏடும் அடுத்த ஏடும் இடம் மாறித் தைக்கப்பட்டிருப்பதால், விலாத் பட்டம் பெறுவது அல்வாரிஸ் பட்டம் பெறுவதற்கு முன்னால் வருகிறது.